பக்கற் இப்ப என்ன விலை? – வன்னி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில இருக்கிற ஐயாமார், அம்மாமாருக்கும், அந்தக் கூட்டங்களுக்கு வந்து கணக்குச் சொல்லுற பொலிஸ் அதிகாரியளுக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சியில உயர்தரப் பிள்ளையளுக்குப் பொருளியல் படிப்பிக்கிற ரீச்சர். இருபது வருசத்துக்கு மேலயாச்சு.

உங்கட கூட்டத்தில போதைப்பொருள் எண்டு ஒரு விசயம் வந்தா உடன பொலிஸ் தரப்பு எழும்பி இவ்வளவு காலத்தில இத்தனை பேரைப் பிடிச்சிருக்கிறம், இத்தனை கிலோ கஞ்சா, இத்தனை கிராம் ஹெரோயின், இத்தனை கிராம் ஐஸ் (மெத்தம்பெற்றமைன்), இத்தனை லீற்றர் கசிப்புச் சாராயம் எண்டு வாசிக்கினம், எம்பிமார் ரெண்டு பேர் கோவமாக் கதைக்கினம், பிறகு வீதி, குளம், யானை வேலி எண்டு அடுத்த விசயத்துக்குப் போயிடுவியள். இந்தச் செய்தியளை நான் வருசக்கணக்கா வாசிச்சுக்கொண்டு வாறன். ஒருத்தராவது எழும்பி "ஒரு பக்கற் தூள், அதாவது ஹெரோயின், இப்ப என்ன விலை போகுது, போன வருசம் என்ன விலை போனது" எண்டு கேட்டதா நான் ஒரு இடத்திலயும் வாசிக்கேல்லை. அந்தக் கேள்வியைக் கேளுங்கோ எண்டு சொல்லத்தான் இந்த மடல் எழுதுறன்.

விலையைத் தெரிஞ்சு என்ன செய்யிறது எண்டு நினைப்பியள். உங்களில நாப்பத்தைஞ்சு வயசு தாண்டின வன்னி ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருக்கேக்க நாங்கள் மல்லாவியில இருந்தனாங்கள். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிப்போட்டு மிச்சத்துக்கு மண்ணெண்ணையில ஓடுவினம், செய்தி கேக்கிறதெண்டா சைக்கிளை ஸ்ராண்டில விட்டிட்டு ஒருத்தர் மிதிக்க டைனமோவில றேடியோ பாடும். அப்பா ஒருக்கா உயிலங்குளத்தால வந்த ஒருத்தரிட்ட நாலு பற்றறி வாங்கினவர். சீனிப் பைக்குள்ள தாட்டுக் கொண்டுவந்த சாமான், நாலிலயும் சீனி ஒட்டிக்கொண்டு இருந்தது, நான்தான் ஈரச்சீலையால துடைச்சுத் திண்ணையில அடுக்கினனான். வவுனியாவில விக்கிற விலையைப் போல எத்தினையோ மடங்கு கேட்டவர் அந்த ஆள், அப்பா ஒரு சொல்லும் பேசாமல் எண்ணிக் குடுத்தவர்.

அந்தப் பற்றறியைச் செய்யிற செலவு கூடேல்லை, வவுனியாவுக்கும் மல்லாவிக்கும் இடையில தூரமும் கூடேல்லை. அப்ப அந்த மேலதிகக் காசு எதுக்கு? வழியில பிடிபட்டா என்ன நடக்கும் எண்ட பயத்துக்கு. பயத்துக்கு ஒரு விலை இருக்கு, அதை ஆர் தாங்கினமோ அவைதான் அப்ப உழைச்சவை. 2002இல ஏ9 வீதி திறந்தாப்பிறகு அதே பற்றறி கடையில தூசி பிடிச்சுக் கிடந்தது. நான் பற்றறியையும் தூளையும் ஒண்டாச் சொல்லேல்லை, ஒண்டு றேடியோவைப் பாட வைச்சது, மற்றது பிள்ளையைத் திண்டுகொண்டிருக்கு. ஆனா தடுத்த சாமான் எப்பிடி விலை ஏறுது எண்ட கணக்கு ரெண்டுக்கும் ஒண்டுதான், அதை வன்னிச் சனம் புத்தகம் இல்லாமலே படிச்ச சனம்.

இப்ப தூளுக்கு வருவம். கொக்கெய்னைப் பற்றிப் பொருளியல் ஆய்வாளர்கள் கனகாலமா எழுதினதில ஒரு விசயம் திரும்பத் திரும்ப வரும், கொலம்பியாவில இலை விளைவிக்கிற கமக்காரனுக்குப் போறது அமெரிக்கத் தெருவில விக்கிற விலையில நூறில ஒண்டைச் சுத்தித்தான். மிச்சமெல்லாம் வழியில ஏறுறது, அதிலயும் பெரிய பங்கு பயத்தின்ர விலை. இதை மனசில வச்சுக்கொண்டு ஆப்கானிஸ்தானைப் பாருங்கோ. 2022 ஏப்ரலில தலிபான், ஹெரோயின் செய்யப் பாவிக்கிற அபின் செய்கையைத் தடை செய்தது, அடுத்த வருசம் செய்கை 95 வீதம் விழுந்திட்டுது எண்டு ஐநாவின்ர போதைப்பொருள், குற்ற அலுவலகம் அறிக்கை விட்டது, அங்க தோட்டத்தில அபின் விலை பல மடங்கு ஏறிச்சுது. எங்கட ஒழுங்கையளில தூள் விக்கிறது நிண்டதோ? நிக்கேல்லை. ஒரு பக்கம் பழைய இருப்புக் கிடந்தது, மற்றப் பக்கம் தோட்டத்து விலை கடைசி விலையில சின்னத் துண்டு எண்டபடியால அது மூண்டு மடங்கு ஏறினாலும் இஞ்ச வாங்கிறவனுக்குப் பெரிசாத் தெரியாது. அங்க 95 வீதம் வெட்டியும் இஞ்ச இப்பிடியெண்டா, தலைமன்னார் கரையில ஒரு படகைப் பிடிச்சா என்ன மாறும் எண்டு யோசியுங்கோ. படகைப் பிடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பிடிச்சாப்பிறகு விலை ஏறிச்சுதோ, எத்தினை நாளைக்கு ஏறி நிண்டுது எண்டு பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். பிடிச்சு ரெண்டு கிழமையாலயும் பக்கற் அதே விலைக்குப் போகுதெண்டா அந்தப் பிடியால சந்தைக்கு ஒண்டும் நடக்கேல்லை, பத்திரிகையில படம் வந்தது மட்டும்தான்.

அடுத்தது, இந்தப் பயத்தின்ர விலை ஆற்ற கையில சேருது எண்ட கேள்வி. கனபேர் நினைக்கினம் சந்தியில நிண்டு விக்கிற பெடியன் காசை அள்ளுறான் எண்டு. சிக்காக்கோவில போதை வித்த ஒரு கும்பலின்ர உள்கணக்குக் கொப்பி கையில கிடைச்சு, ஸ்ரீவன் லெவிற், சுதிர் வெங்கடேஷ் எண்ட ரெண்டு பேர் 2000இல ஒரு ஆய்வு வெளியிட்டவை. கீழ்மட்டத்தில நிண்ட பெடியளுக்கு மணித்தியாலத்துக்குக் கிடைச்சது சட்டத்தில சொல்லுற ஆகக் குறைஞ்ச கூலி அளவுதான், அதுக்கு வருசத்துக்கு நூறில ஏழு பேர் செத்தவை. காசு மேலதான் சேர்ந்தது. ஏன் நிண்டவங்கள் எண்டா வேற வேலை இல்லை, மேல போகலாம் எண்ட ஆசை. அது சிக்காக்கோ.

இஞ்ச, என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளை. பேரும் ஊரும் வேண்டாம். சாதாரண தரத்தில கணிதத்துக்கு ஏ எடுத்தவன், உயர்தரத்தில அமையச் செலவு (ஒண்டைத் தெரிஞ்செடுக்கேக்க கைவிடுற மற்றதின்ர பெறுமதி) எண்டா என்ன எண்டு வகுப்பில முதல் எழும்பிச் சொன்னவன் அவன்தான். ரிமாண்டில இருந்து பிணையில வந்தாப்பிறகு நான் வீட்ட போனன். முதல் கதைக்கவே இல்லை, பிறகு தானாச் சொன்னான். பத்துப் பக்கற் குடுப்பாங்களாம், எட்டின்ர காசைத் திருப்பிக் குடுக்கவேணும், ரெண்டு தனக்கு. சம்பளம் எண்டு ஒண்டும் இல்லை, அந்த ரெண்டு பக்கற்தான் சம்பளம். முதலில அவன் பாவிக்க மட்டும் செய்தவன், காசு முடிஞ்சாப்பிறகு விக்கத் தொடங்கினவன். எல்லாம் கடனுக்குத்தான் குடுக்கிறது, வித்துப்போட்டுக் குடு எண்டு. பொலிஸ் பிடிக்கேக்க அவனிட்ட ஏழு பக்கற் இருந்தது, அந்த ஏழின்ர காசும் அவன்ர தலையில கடனா ஏறிட்டுது. பிணையில வந்து நாலாம் நாள் மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர் வாசலுக்கு வந்திட்டாங்கள்.

தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போறவ. சாமிப் படத்துக்குப் பின்னால இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, ரப்பர் பாண்டைக் கழட்டி, ரெண்டு அடகு ரிக்கற்றை விரிச்சுக் காட்டினவ. ஒண்டு சங்கிலி, லோயருக்கு. மற்றது தோடு, தூள்க் கடனுக்கு. ரெண்டுக்கும் இடையில பதினொரு நாள். தோட்டைக் கழட்டின காதில ஈர்க்குத் துண்டு குத்தியிருந்தவ.

உங்கட கணக்கில அது ஒரு கைது. சரக்கைக் குடுத்தவன்ர கணக்கில அதால ஒரு சதம் நட்டம் இல்லை, முழுக்காசும் அந்த அம்மாவின்ர காதில இருந்து வந்திட்டுது. எனக்கு இதுதான் நித்திரை வராத விசயம். பக்கற்றோட ஒரு பெடியனைப் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் அவன் இன்னும் கடன்காரன் ஆகிறான், கடனை அடைக்க இன்னும் கூட விக்கவேணும், இல்லாட்டிப் புதுசா ரெண்டு பேரைச் சேத்துவிடவேணும். நுண்கடன் எங்கட பொம்பிளையளைக் கிழமைக்குக் கிழமை எப்பிடி இறுக்கினது எண்டு பாத்தனீங்கள்தானே, 2018இல அரசாங்கமே வரட்சி மாவட்டங்களில ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. தூள்க் கடனுக்குத் தள்ளுபடி செய்ய ஆளில்லை, முறைப்பாடு குடுக்கவும் ஏலாது.

சட்டத்தைக் கடுமையாக்கினாச் சரிவரும் எண்டு சொல்லுறவைக்கும் ஒரு சொல். 1984 திருத்தத்தோட ரெண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை, இல்லாட்டி ஆயுள் எண்டு சட்டம் வந்திட்டுது. 2022இல ஐசுக்கும் சட்டத்தை நீட்டினவை. தூக்குத் தண்டனை நிறைவேத்தினது கடைசியா 1976இல. இப்பிடி ஒரு எல்லைக்கோடு கீறினா வியாபாரி என்ன செய்வான்? ஒரு பெடியன்ர கையில ரெண்டு கிராம் போகாமல் பிரிச்சுக் குடுப்பான். செய்தியில முப்பது மில்லிகிராம், அறுபது மில்லிகிராம், நூற்றிப்பத்து மில்லிகிராம் எண்டு வாற கைதுகளை அப்பிடிப் பாருங்கோ. தூக்குக்கயிற்றுக்குப் பயந்து தொழிலை விட்டதாத் தெரியேல்லை, சரக்கைச் சின்னச் சின்னப் பிள்ளையளுக்குப் பங்கிட்டதாத்தான் தெரியுது. 2023 டிசம்பரில யுக்திய எண்டு பொலிஸ் தேடுதல் நடவடிக்கை தொடங்கினாப்பிறகு சில கிழமைக்குள்ள நாடு முழுக்க இருபதாயிரத்துக்கு மேல பிடிச்சவை. அதில எத்தினை பேர் பாவிக்கிறவை, எத்தினை பேர் பத்துக்கு ரெண்டு சம்பளத்துக்கு விக்கிறவை, எத்தினை பேர் கடன் குடுக்கிறவை எண்டு பிரிச்சு ஒரு கணக்கை நான் காணேல்லை.

பாதையைப் பற்றிச் சொல்லவேணும், இதில நீங்கள் நாலு மாவட்டமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒண்டு இருக்கு. மெக்சிக்கோவில 2006 கடைசியில ஜனாதிபதி கால்டெரோன் ஆமியை இறக்கிப் போதைக் கும்பலோட மோதத் தொடங்கினவர். மெலிசா டெல் எண்ட பொருளியலாளர் 2015இல வெளியிட்ட ஆய்வில, கால்டெரோன்ர கட்சி மயிரிழையில வெண்ட ஊர்களையும் மயிரிழையில தோத்த ஊர்களையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தவ. வெண்ட ஊர்களில கொலை கூடியிருந்தது. அதோட வீதி வரைபடத்தை வச்சு, அமெரிக்க எல்லைக்குக் கிட்டின பாதையில இறுக்கம் வந்தா அடுத்ததா எந்தப் பாதை கிட்டினது எண்டு கணக்குப் போட்டவ. கணக்குக் காட்டின அந்த அடுத்த பாதையில இருந்த ஊர்களில பிடிபடுற சரக்குக் கூடியிருந்தது. தண்ணி வாய்க்காலை ஒரு இடத்தில அடைச்சா எந்த வரம்பால உடைக்கும் எண்டு எங்கட கமக்காரருக்குத் தெரியும், அவ அதைத்தான் கணக்காச் செய்து காட்டினவ.

எங்கட வரைபடத்தைப் பாருங்கோ. கேரளக் கஞ்சா எண்டு பேர், ஆனா அதில கனக்க ஆந்திரா ஒடிசா எல்லை மலையில விளையிறது, தமிழ்நாட்டுக் கரையால ஏறி எங்கட கரையில இறங்கித் தெற்குக்குப் போகுது. ஹெரோயின் கனக்க ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையில இருந்து அரபிக்கடலால வந்து நடுக்கடலில பலநாள் படகுக்கு மாறித் தெற்குக் கரையில இறங்கி, பிறகு வீதியால வடக்குக்கு வருது. எதிர் எதிரா ஓடுற இந்த ரெண்டு சரக்குக்கும் நடுவில இருக்கிறது வன்னி. ஏ9இல ஆனையிறவிலயோ ஓமந்தையிலயோ இறுக்கினா, பரந்தனால ஏ35 இருக்கு, மாங்குளத்தால ஏ34 இருக்கு, 2011இல சங்குப்பிட்டிப் பாலம் திறந்தாப்பிறகு யாழ்ப்பாணத்தில இருந்து பூநகரியால மன்னாருக்கு ஏ32இல நேர போயிடலாம். மணலில நாங்கள் இதைக் கண்ணால பாத்தனாங்கள்தானே. ஒரு ஆத்தில களவா மணல் ஏத்துற ரிப்பரைப் பிடிச்சா அந்தக் கிழமை லோட் விலை ஏறும், ஏறின விலையைப் பாத்து அடுத்த ஆத்தில இன்னொரு ரிப்பர் இறங்கும். அப்ப முல்லைத்தீவில கைது குறைஞ்ச மாதம் மன்னாரில கூடினதோ எண்டு நாலு மாவட்டக் கணக்கையும் ஒரு மேசையில விரிச்சுப் பாக்கிற ஆள் ஆர்? நாலு கூட்டத்திலயும் நாலு பேர் தங்கட பக்கம் குறைஞ்சிட்டுது எண்டு சொன்னால், எங்கயோ ஒரு இடத்தில கூடியிருக்கவேணும்.

இவ்வளவு ஆமியும் நேவியும் நிக்கிற இடத்தால எப்பிடி வருது எண்டு சனம் கேக்குது, உங்களுக்கு முன்னால பயத்தில கேக்காது, கடையடியில, கோயிலடியில கேக்கும். அந்தக் கேள்வியை நீங்கள் கேக்கவேணும். தடுக்கிற இடம் கூடக் கூட, அதில ஒருத்தர் விலைப்பட்டாலும் அது வியாபாரிக்கு ஒரு வரி மாதிரித்தான், விலையில சேத்துப் பாவிக்கிறவனிட்ட வாங்கிப்போடுவான். நேர்மையா நிக்கிற உத்தியோகத்தரின்ர உழைப்பையும் அந்த ஒருத்தர் வீணாக்கிப்போடுவார்.

கரையைப் பற்றியும் ஒரு சொல். இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போன ஒரு மீனவன் புது வலைக்குக் கடன் எடுத்திட்டு நிக்கேக்க, ஒரு இரவுக்குப் படகைத் தா எண்டு கேட்டு ஒரு மாதத்து உழைப்பை நீட்டினா அவன்ர அமையச் செலவு என்ன? ஒண்டுமில்லை. 2017இல இழுவைமடியைத் தடை செய்து இஞ்ச சட்டம் வந்தது, இரவில கடலைப் பாத்தாத் தெரியும் எங்க நிக்குது எண்டு. வலைக்கு நட்டஈடு குடுக்கிறது கடத்தலைத் தடுக்கிற செலவுதான் எண்டு நான் நினைக்கிறன், அதை மீன்பிடி விசயம் எண்டு வேற பக்கத்தில தள்ளி வைக்காதேங்கோ.

இனி, ஒரு சிக்கலான இடம், இதை ஒளிக்கக்கூடாது. விலையை ஏத்தினா எல்லாம் சரி எண்டும் இல்லை. புதுசாத் தொடப்போற பள்ளிக்கூடப் பெடியன் விலை ஏறினாத் தொடமாட்டான், அவன்ர கேள்வி நெகிழ்ச்சி கூடினது, அதாவது விலை கூடினா அவன் வாங்கிறது நல்லாக் குறையும். ஆனா அடிமையாப் போனவன் விலை ரெண்டு மடங்கானாலும் வாங்குவான், அண்டைக்குத்தான் பக்கத்து வளவில தண்ணி மோட்டரும், ஆடும், காஸ் சிலிண்டரும் காணாமப் போகும். ஊரில களவு கூடினதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ எண்டு உங்கட பொலிஸ் பதிவையே எடுத்துப் பாருங்கோ. இன்னொண்டு, எந்தச் சந்தையிலயும் கூடுதலான சரக்கை வாங்கிறது கொஞ்சப் பேர்தான், நாளாந்தம் பாவிக்கிறவை. அந்தக் கொஞ்சப் பேரைச் சந்தையில இருந்து வெளிய எடுத்தா வியாபாரியின்ர வருமானத்தில பெரிய துண்டு விழும், எந்தப் படகைப் பிடிச்சாலும் விழாத அளவு விழும். அதுக்கு வழி சிகிச்சைதான். ஹெரோயின் அடிமையானவைக்குக் குடுக்கிற மருந்துகளான மெதடோன், ப்யூபிரனோர்பின் ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல அத்தியாவசிய மருந்துப் பட்டியலில சேத்தது. ஆமி காவலோட ஒரு முகாமில கொண்டுபோய் விடுறதையும், கண்டிச்சு மொட்டையடிச்சுப் பேஸ்புக்கில படம் போடுறதையும் தயவுசெய்து சிகிச்சை எண்டு சொல்லாதேங்கோ. படம் வந்த பெடியனுக்கு ஒரு கடையிலயும் வேலை குடுக்கமாட்டினம், பிறகு அவனுக்கு வேலை குடுக்கிறது ஆர் எண்டு உங்களுக்கே தெரியும்.

மேல இருக்கிறவனைப் பிடிக்கிறதெண்டா சரக்கோட பிடிக்கேலாது, அவன் சரக்கைத் தொடுறதே இல்லை. காசைத்தான் தொடுறான். 2006இல பணம் தூயதாக்கலுக்கு எதிரான சட்டம் வந்தது, மத்திய வங்கியில நிதி உளவறிதல் பிரிவு இருக்கு, குற்றத்தால வந்த சொத்தை எடுக்கிறதுக்கு 2025இல புதுச் சட்டமும் நிறைவேத்தியாச்சு. ஊருக்கை திடீரெண்டு காணி வாங்கினது, பஸ் வாங்கினது, வங்கியால போகாமல் உண்டியலில காசு மாத்திறது எல்லாம் கிராமத்தில ஆருக்குத் தெரியாது? ஆனா தனி ஆள் சொல்லப் பயம், எனக்கும் பயம், அதுதான் பேர் போடாமல் எழுதுறன். பிரதேச செயலகத்திலயும் காணிப் பதிவிலயும் இருக்கிற தகவலை உத்தியோகபூர்வமாக் கேக்கக்கூடிய ஆக்கள் நீங்கள்தான்.

அந்தப் பெடியன் இப்ப வீட்டிலதான் நிக்கிறான். மூண்டு மாதமாத் தொடேல்லை எண்டு தாய் சொல்லுறா, பின்னேரங்களில என்ர வகுப்பில கடைசி வாங்கில வந்து இருக்கிறான், எழுதுறது குறைவு. அடகு மீட்கிற தவணை ரெண்டும் இன்னும் முடியேல்லை. பாவிச்சு விட்ட பிள்ளையளிட்ட விலை என்ன, எத்தினை பேர் கடனில, எங்க சிகிச்சைக்குப் போனவை எண்டு பேரோ ஊரோ வெளிய வராமல் கேக்கிறதுக்கு ஒரு பக்கத்தில ஒரு படிவம் எழுதி வச்சிருக்கிறன். மாதத்துக்கு ஒருக்கா நிரப்பினால் காணும், ஒரு ஆசுப்பத்திரித் தாதியும் ஒரு ஆசிரியரும் இருந்தாச் செய்யலாம். உங்கட அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆராவது கேட்டா, பிரதி எடுத்துக் கொண்டுவந்து தாறன்.

இப்படிக்கு,
ஒரு பொருளியல் ரீச்சர்,
கிளிநொச்சி